பிரேக் பிடிக்கவில்லை

சாலை விபத்துச் செய்திகளைப் படிக்கிறவர்கள் ஒரு சொற்றொடரை நன்கு அறிவார்கள். “பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் தெரிவித்தார்” என்பது அது. சில வேளைகளில் ‘திடீரென’ என்னும் சொல்லும் முன்னே வந்து சேர்ந்துகொள்ளும். திடீரெனப் பிரேக் பிடிக்கவில்லை. இவ்வாக்கியத்தில் எழுவாய் பிரேக். மனிதர் எவரும் இதில் இல்லை. மிதித்தவர் மிதித்தார், இயந்திரம் கைவிட்டது, ஓர் உயிர் போயிற்று. படித்து முடித்துப் பெருமூச்செறிந்து, நாமும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். அதிவேகமே இவற்றிற்குப் பெருங்காரணம்; பிரேக் பழுதினால் நேர்ந்தவை சிறு பங்குதான். ஆனாலும் அந்தச் சிறு பங்கைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்துகளின் பிரேக்குகளோடு பழகியவன் நான் என்பது ஒன்று. மற்றொன்று எங்கள் குடும்பத்தைச் சார்ந்தது.

என் அக்காளின் கணவர் 1996ஆம் ஆண்டு ஆடி மாதத்து மாலைப்பொழுதொன்றில், வேலை முடிந்து மிதிவண்டியில் வண்டியூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வேன் ஒன்று அவர்மீது மோதியது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவர்களுடைய மகனுக்கு நான்கு வயது. வேனை ஓட்டியவரும் ஓர் இளைஞரே. காவல் நிலையத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான்: பிரேக் பிடிக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வேனைச் சோதித்தபோது நானும் ஓரமாக நின்று பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தார்கள். உள்ளே பிரேக் கட்டைமேல் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் முற்றிலும் தேய்ந்து, அதைப் பிணைத்திருந்த ஆணிகள் வெளியே நீண்டிருந்தன. அவை உரசி உரசி, டிரம்மின் உட்புறத்தில் நகம் இறங்கும் அளவுக்கு வரிப்பள்ளங்களை உண்டாக்கியிருந்தன. இரும்பில் அத்தகைய பள்ளம் ஒரு நாளில் விழாது. பல வாரங்கள் அந்தச் சக்கரம் கரகரவென்று கத்திக்கொண்டே ஓடியிருக்க வேண்டும். திடீரென என்ற சொல் அன்றைக்கே என் அகராதியிலிருந்து நீங்கிவிட்டது.

பின்னர் ஒருநாள் நீதிமன்ற வாயிலில் அந்த இளைஞர் என்னிடம் தலைகுனிந்து சொன்னார்: “முதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேண்ணே. இந்த மாசச் சவாரி முடியட்டும், பார்க்கலாம்னாரு.” என் சினம் முழுவதும் அவரைவிட்டு அகன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் எழுப்பிய சக்கரத்திற்கும் நிகழ்ந்த மரணத்திற்கும் இடையே ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல் நின்றிருந்தது என்பது எனக்கு விளங்கியது.

நான்கு வயதில் தந்தையை இழந்த அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து, கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறான். வண்டியைப் பெயரிலேயே சுமந்திருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு வண்டியே பிழைப்பாயிற்று. அக்காளுக்கு இதில் மனமில்லை, ஆயினும் தடுக்கவில்லை. வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும் ஓசை கேட்ட பிறகே ஒவ்வொரு நாளும் அவள் உறங்கச் செல்வாள்.

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாவிற்குச் சில நாட்களுக்கு முன் நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். தெருமுனையில் அவன் கார் திரும்பியபோது, முன் சக்கரத்திலிருந்து ‘கீச்’ என்று ஒரு மெல்லிய ஒலி எழுந்தது. காரினுள் பாட்டு உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் இறங்கியதும், “இந்தச் சத்தம் எத்தனை நாளா வருது?” என்று கேட்டேன்.

“பத்து நாளா இருக்கும் மாமா. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. திருவிழா முடியட்டும், பார்க்கலாம். நாலு நாளைக்கு விடாம சவாரி இருக்கு.”

மதுரைக்காரர்களுக்கு அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அழகர் வைகையில் இறங்கி வண்டியூர் வந்து செல்லும் அந்த இரவும் பகலும், வெளியூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் பெருங்கூட்டம் சாலையை நிறைத்து நடக்கும். தோளில் குழந்தையும் கையில் பையுமாக நடப்பவர்கள் சாலையின் ஓரம் எது, நடு எது என்று பார்ப்பதில்லை. வாடகைக் காருக்கு அது நல்ல வருமானக் காலம். பிரேக்கிற்கோ அதுவே சோதனைக் காலம்.

நான் வாய் திறக்குமுன் அக்காள் அடுக்களை வாசலுக்கு வந்திருந்தாள். ‘முடியட்டும், பார்க்கலாம்’ என்ற சொற்களை அவளும் கேட்டிருக்கிறாள். ஒன்றும் பேசாமல், சுவராணியில் அவன் மாட்டிய சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சற்று நேரம் மூவரும் பேசவில்லை. பிறகு அவன், “நாளைக் காலையில மாத்திருவோம் மாமா. எப்படின்னு நீங்க சொல்லிக்கொடுங்க, நானே செய்றேன்” என்றான்.

முன் சக்கரத்துப் பிரேக் என்பது பார்வைக்கு எளிய அமைப்பு. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டமான இரும்புத் தட்டு சுழல்கிறது, அதுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் உள்ளங்கையளவு பேடுகள் இரண்டு. மிதியை அழுத்தினால், காலிப்பர் என்னும் இரும்புக் கவ்வி அந்த இரண்டையும் டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. 1902ஆம் ஆண்டிலேயே ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் இவ்வகைப் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அரை நூற்றாண்டு கழித்து, 1953இல் பிரான்சின் லு மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் இதனை நன்கு திரும்பிப் பார்த்தது. நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழிலிலிருந்து கிளைத்த குழுமத்தைச் சேர்ந்த ‘பிரேக்ஸ் இந்தியா’, 1962இல் சென்னையை அடுத்த பாடியில் தோன்றியது. ஒரு காலத்தில் இத்தகைய உராய்வுப் பொருள்களில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்த பின் வேறு கலவைகள் வந்தன. இப்போதும் பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது. காற்றுக் குழாயாலும் ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைப்பதே முறை.

ஓடும் வண்டியின் ஆற்றல் மறைவதில்லை; அது வெப்பமாக மாறுகிறது. ஆட்களோடு சேர்ந்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது எழும் வெப்பம், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். நிற்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், அதில் பெரும் பங்கை முன் சக்கரங்களே தாங்குகின்றன. ஆகவேதான் முன் பேடுகள் விரைவில் தேய்கின்றன. தேய்வது அவற்றின் குறையன்று. அதற்காகவே அவை செய்யப்பட்டிருக்கின்றன.

அந்தக் கீச்சொலியும் தற்செயலானதன்று. பல பேடுகளின் ஓரத்தில் வளைந்த சிறு தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். லைனிங் ஓரளவுக்குமேல் தேய்ந்ததும், அத்தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். பிரேக் இன்னும் பிடிக்கும் நிலையிலேயே, ‘இனி அதிக நாள் தாங்காது’ என்று சொல்வதற்காகப் பெயர் தெரியாத ஒரு பொறியாளர் வகுத்து வைத்த குரல் அது. மாட்டு வண்டிக்கு இந்தத் தகடு தேவைப்படவில்லை. குறுக்கே குழந்தை வந்தால், மூக்கணாங்கயிறு இழுபடுமுன்பே மாடு தயங்கி நின்றுவிடும். கண்ணில்லாத இயந்திரத்திற்கு நம் காதைத்தான் கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கினோம். சமதளமான முற்றத்தில் காரை நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திய பின் ஜாக்கியை ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையை நீட்டக்கூடாது என்பது பணிமனையின் முதற்பாடம். இரும்புத் தாங்கி ஒன்றை முட்டுக் கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் காருக்கடியில் படுக்க வைத்தோம்.

காலிப்பரின் கீழ்ப்பக்கத்து போல்ட்டைக் கழற்றி அதை மேல்நோக்கித் தூக்கியதும் பேடுகள் இரண்டும் கைக்கு வந்தன. காலிப்பரை ஒரு கம்பியால் கட்டி நிறுத்தச் சொன்னேன். அதன் பாரம் ரப்பர்க் குழாயில் தொங்கினால் குழாய் கெடும். வெளிப்புறப் பேடில் லைனிங் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. உட்புறப் பேடில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. புதியதில் ஏறத்தாழ பத்து இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். காலிப்பர் அசைந்து கொடுக்க வேண்டிய முளைகளில் கிரீஸ் உலர்ந்து இறுகிப் போனதால், உட்பக்கம் மட்டுமே பெரும்பாடு பட்டிருக்கிறது. சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்க்கிறவருக்கு வெளிப்புறப் பேடே கண்ணில் படும். அது நன்றாகத்தான் இருந்தது.

“நானும் வெளியில பார்த்துட்டுத்தான் மாமா சும்மா இருந்தேன்” என்றான் அவன்.

முளைகளைத் துடைத்து, அதற்குரிய கிரீஸைத் தடவினோம். டிஸ்க்கில் ஆழ்ந்த கோடுகள் இல்லை. அதன் ஓரத்தில் பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கனத்திற்குக் கீழே தேயவுமில்லை. புதிய பேடு கனமானதாகையால், வெளியே நீண்டு நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடை அதன்மேல் வைத்து, சி வடிவக் கவ்வியால் மெல்ல மெல்ல முறுக்கினான். முன்பக்கம் பிரேக் ஆயில் கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் உயர்ந்தது. வழிந்து வண்ணப் பூச்சில் பட்டால் பூச்சு உரியும் என்பதால் நான் துணியோடு அங்கே நின்றிருந்தேன். “இங்க முறுக்கினா அங்க ஏறுதே!” என்று வியந்தான்.

அதற்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றேன். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற விதியை 17ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கூறியவர் பிளேஸ் பாஸ்கல். இறைநம்பிக்கையைப் பற்றி அவர் எழுதி வைத்த சிந்தனைகளை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். அவரே 1662இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், குறைந்த கட்டணத்தில் குறித்த தடங்களில் ஓடும் குதிரை வண்டிகளைப் பாரிஸ் நகரில் தொடங்கி வைத்தவர் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நகரப் பேருந்திற்கு அதுவே முன்னோடி. வண்டியை ஓட விட்டவரின் விதியே பின்னாளில் வண்டியை நிறுத்தவும் பயன்பட்டது. காலின் சிறிய அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் ஒரே கணத்தில் கொண்டு சேர்ப்பது அந்த விதிதான்.

புதிய பேடுகளின் முகத்தில் எண்ணெய்க் கை படாமல் அமைத்து, காலிப்பரை இறக்கி, போல்ட்டை முடுக்கினான். அடுத்து வலப்பக்கமும் அவ்வாறே. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எனவே எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும். சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முடுக்கி, கார் தரையில் இறங்கிய பின் மீண்டும் ஒருமுறை அழுத்தி முடுக்கினான். எல்லாம் முடிந்தது என்று சாவிக்காக அம்மாவை நோக்கித் திரும்பினான்.

“இன்னும் முடியலை. உட்கார்ந்து பிரேக்கை மிதி” என்றேன்.

மிதி எதிர்ப்பின்றித் தரைவரை இறங்கியது. அவன் முகம் வெளுத்தது. உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் மீண்டும் வெளியே வந்து பேடைத் தொடும் வரை மிதியில் பிடிமானம் இராது. இதை அறியாமல் பேடை மாற்றிய கையோடு வண்டியைத் தெருவில் இறக்கினால், முதல் மிதி வெறும் மிதியாகப் போகும். அந்த முதல் மிதிக்கு முன்னால் யார் நடந்து செல்வார்களோ, யாருக்குத் தெரியும்? மீண்டும் மீண்டும் மிதிக்கச் சொன்னேன். நான்காவது, ஐந்தாவது மிதியில் அது கல்லைப்போல் உறுதியாக நின்றது. எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்த பிறகே அக்காள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

சாவியைக் கொடுக்குமுன் பழைய பேடு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். தேய்ந்த ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். “இம்புட்டுக்காணு பொருளா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவளுடைய எண்ணத்தில் பிரேக் என்பது எவ்வளவு பெரியதாக இருந்ததோ, நான் கேட்கவில்லை.

ஆளரவமற்ற கண்மாய்க்கரைப் பக்கம் சென்று, மிதமான வேகத்தில் ஓட்டி, சீராகப் பிரேக் போட்டு வேகத்தைத் தணித்து, சிறிது தூரம் ஆற விட்டு, மீண்டும் அவ்வாறே பலமுறை செய்தோம். புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இந்தப் பழக்கம் வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அவசரப் பிரேக் போடும் நிலைக்கு ஆளாகாமல், இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டச் சொன்னேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதையும் மாற்றிவிடு என்றேன். திரும்பி வரும்போது அவன் பாட்டுப் போடவில்லை.

வழியில் அவனே பேச்சைத் தொடங்கினான். “அப்பாவை இடிச்ச வண்டியில டிரைவர் வேற, முதலாளி வேறன்னு சொன்னீங்க. இந்த வண்டிக்கு ரெண்டும் நான்தான் மாமா.” நான் சொல்ல நினைத்ததை அவனே கண்டுகொண்டான். அந்த இளைஞருக்கு ‘முதலாளியிடம் சொன்னேன்’ என்று கூறும் வழியாவது இருந்தது. சொந்தக் காரை ஓட்டுகிற நம்மில் பலருக்கு அந்த வழியும் இல்லை. சக்கரம் எழுப்பும் குரலைக் கேட்பவரும் நாமே. ‘பார்க்கலாம்’ என்று சொல்பவரும் நாமே.

வாசகர்கள் எல்லாரும் தாமே ஜாக்கி ஏற்றிப் பேடு மாற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. பழகிய கை ஒன்று அருகில் இல்லாமல் பிரேக்கில் கை வைப்பது தகாது. பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை. ஆனால் கேட்பதற்குப் பட்டறை தேவையில்லை. கீச்சொலி, மிதியில் அதிர்வு, வண்டி ஒரு பக்கம் இழுத்தல், எண்ணெய் மட்டம் குறைதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. சத்தமே இல்லாவிட்டாலும், சர்வீஸின்போது சக்கரத்தைக் கழற்றி உட்புறப் பேடையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கள் காருக்கு இரு பக்கமும் பேடு வாங்கிய செலவு, திருவிழா நாளில் அவனுக்குக் கிடைக்கும் ஒரு நாள் வருமானத்திற்குள் அடங்கிவிட்டது. முன்னால் நடந்து செல்பவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் நின்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அவர் முதுகைக் காட்டி நடக்கிறார்.

அந்தத் திருவிழாவின் நான்கு நாட்களும் என் மருமகன் இரவு பகலாகக் கார் ஓட்டினான். தெப்பக்குளத்திற்கும் வண்டியூருக்கும் இடையே கூட்டத்தினூடே ஊர்ந்து சென்றபோது எத்தனை முறை பிரேக்கை மிதித்தானோ, கணக்கில்லை. கடைசி நாள் பின்னிரவில் கார் வாசலில் வந்து நின்றது. கீச்சொலி இல்லை. உள்ளே வந்தவனிடம் அக்காள், “என்னப்பா, ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லைம்மா” என்று சொல்லிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினான்.

மறுநாள் நாளிதழில் திருவிழாச் செய்திகள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. இந்தச் செய்தி அதில் இல்லை.